உள்ளே நின்று போட்ட வட்டங்கள்

எழிலரசி வீட்டைப் பூட்டினால் ஒரே தடவையில் பூட்ட மாட்டாள். பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். கேஸ் அடுப்பும் அப்படித்தான், மகளின் பள்ளிப் பையும் அப்படித்தான். சிதம்பரம் அம்மாபேட்டையில் அவள் குடியிருக்கும் தெருவில் அவளுக்கு ‘மூணு தடவ’ என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தது கட்டிய கணவன் ராஜவேல்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வாய்க்கா பஞ்சம்?

இந்தப் பயம் எங்கே தொற்றியது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கம்மாபுரத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியபோது, கணக்குத் தாளில் தொடுகோடு வரையச் சொல்லியிருந்தார்கள். வட்டத்தின் விட்டம் ஆறு சென்டிமீட்டர் என்று கொடுத்திருந்ததை ஆரம் ஆறு என்று எடுத்துக்கொண்டு காம்பஸை விரித்துவிட்டாள். வட்டம் முத்து முத்தாக வந்தது. தொடுகோடுகள் ஒவ்வொன்றும் பரிதியை ஒரே ஒரு புள்ளியில் தொட்டு நின்றன. பென்சில் கோட்டில் ஒரு பிசிறு கிடையாது. அத்தனையும் தப்பு என்பது தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ரோட்டோரம் ஐஸ் வாங்கிச் சப்பிக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. நாலைந்து மார்க்தான் போனது, பாஸும் ஆகிவிட்டாள். ஆனால் கையைவிட்டுப் போன பிறகு கண்ணுக்குத் தெரிகிற தப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அன்றைக்குப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு எதிலும் ஒரு தடவை போதவில்லை.

ஐடிஐயில் படம் வரையும் பிரிவில் படித்தாள். கல்யாணமாகி, மகளும் பிறந்த பிறகுதான் செம்மங்குப்பம் பக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலை கிடைத்தது. ரசாயன ஆலைகளுக்குப் பெரிய பெரிய இரும்புக் கலன்கள் செய்யும் இடம். ஆனால் படித்த வேலையைக் கொடுக்கவில்லை. ஸ்டோரில் உட்கார வைத்து போல்ட்டும் நட்டும் எண்ணச் சொன்னார்கள். ஆறு வருஷம் எண்ணினாள். அங்கே தகட்டில் கோடு போடும் மார்க்கர் சிங்காரம், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரர். அவர் குடலிறக்க ஆபரேஷன் என்று இரண்டு மாதம் படுத்தபோதுதான் இவள் கையில் சாக்பீஸும், தகட்டில் புள்ளி குத்தும் பஞ்ச் உளியும் வந்தன. கோடு போட்டாள், சரியாக வந்தது. சிங்காரம் திரும்பி வந்த பிறகும் அவளை அங்கேயே இருக்கச் சொன்னார் சூப்பர்வைசர் சபாபதி. சும்மா சொல்லவில்லை.

“இந்தா பாரும்மா, தகடு ஒண்ணு வீணாச்சுன்னா நீ மறுபடியும் ஸ்டோருக்குத்தான். அப்பறம் என்னைக் கொற சொல்லக்கூடாது” என்றார்.

சிங்காரம், பொம்பளை போட்ட கோடு எத்தனை நாளைக்கு என்று பார்க்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். பதினாலு மாதமாக அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினாலு மாதமாக எழிலரசியும் ஒவ்வொரு கோட்டையும் மூன்று தடவை அளந்துகொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. எழிலரசிக்கு லீவு. அடுப்பில் ஊத்தப்பம் வெந்துகொண்டிருந்தது. மகள் அனுப்பிரியா அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு, உருமாற்றங்கள் பாடம். அவள் கையில் மெல்லிய எண்ணெய்த்தாள் ஒன்றும், ரோஜா நிறச் சட்டம் போட்ட சின்னக் கைக்கண்ணாடி ஒன்றும் இருந்தன.

“ஒரு உருவத்த அப்படியே நகத்துனா இடப்பெயர்வு. ஒரு புள்ளிய வெச்சுச் சுத்துனா சுழற்சி. கண்ணாடில பாத்தா எதிரொளிப்பு. யம்மா, இங்க பாரேன்.”

தாளில் ஒரு வட்டம் போட்டு அதன் மேல் நான்கு புள்ளிகள் வைத்திருந்தாள். நடுவில் பென்சில் முனையை ஊன்றித் தாளைச் சுற்றினாள். “சுத்துனா அ-வுக்கு அப்பறம் ஆ, ஆ-வுக்கு அப்பறம் இ. வரிச மாறல பாரு. இப்பத் திருப்பிப் போடறேன்.” தாளைப் புரட்டிக் கவிழ்த்தாள். மை மறுபக்கம் தெரிந்தது. “இப்ப வலப்பக்கம் இருந்த ஆ இடப்பக்கம் போயிடுச்சு. இத எப்படிச் சுத்துனாலும் பழசு வராது. அ மட்டும் அங்கேயே இருக்குது. ஏன்னா அது எதிரொளிப்புக் கோட்டு மேலயே இருக்குது.”

எழிலரசி ஊத்தப்பத்தைத் திருப்பினாள். வலது ஓரத்தில் அப்பியிருந்த வெங்காயம் இடது ஓரத்துக்கு அடியில் போனது. தோசைக்கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அவள் கோடு போட்டது ஒரு டிஷ்ஷுக்கு. கலனின் தலையில் மூடிபோல் உட்காருகிற, ஆள் உயரத்துக்கு மேல் விட்டமுள்ள குழிந்த தகடு. எப்போதும் அதைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். முதுகு மேலே பார்க்கும், அதன் மேல் கோடு போடுவாள். அன்றைக்கு, கவிழ்த்தால் அடியில் கொடுக்கிற முட்டுக்கட்டைகள் எல்லாம் வேறு வேலைக்குப் போயிருந்ததால் கிரேன்காரர் அதை மல்லாத்தி, சட்டிபோல வைத்துவிட்டுப் போனார். அவள் சட்டிக்குள் இறங்கி நின்றாள். வரைபடத்தில் ‘மேலிருந்து பார்க்கும் தோற்றம்’ என்று போட்டிருந்தது. அவளும் மேலிருந்துதான் பார்த்தாள். மையம் குறித்தாள், ஆள் இறங்குகிற மேன்ஹோலுக்குப் பூஜ்யம் பாகையில் வட்டம் போட்டாள். பிறகு கடிகாரம் சுற்றுகிற பக்கமாக அறுபதில் ஒன்று, நூற்றைம்பதில் ஒன்று, இருநூற்று ஐம்பத்தைந்தில் ஒன்று என்று மூன்று ஓட்டைகளுக்கு வட்டம் போட்டாள்.

ஆனால் அந்த டிஷ் கலன் மேல் ஏறும்போது கவிழ்ந்துதான் ஏறும். மேலே பார்த்த பக்கம் கீழே போகும். வலது இடதாகும்.

அவள் மூன்று தடவை சரிபார்த்திருந்தாள். மூன்று தடவையும் உள்ளேயே நின்று பார்த்திருந்தாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில், பத்து மணிக்கு, டீ குடித்துவிட்டு, கட்டர் அந்தோணிசாமி அந்த நாலு ஓட்டைகளையும் கேஸால் அறுக்கப் போகிறார். அறுத்த இரும்பை ஒட்டவைக்க முடியாது. பழையபடி ஸ்டோர்தான்.

அந்தோணிசாமிக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. கேஸ் வேலை நடக்கிற நாளில் எல்லாருடைய போனையும் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனின் நம்பர் அவளிடம் கிடையாது. சபாபதிக்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் திருவந்திபுரத்தில் அக்கா மகன் கல்யாணத்தில் இருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“மாமா, நான் ஷெட்டுக்குப் போவணும். கோடு தப்பாப் போட்டுட்டேன்.”

ராஜவேல் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “கேஸ ஆஃப் பண்ணியா, பூட்டுனியான்னு கேக்கறியே, அந்த மாதிரியா?”

“இல்ல மாமா. இது நெஜம்.”

“எல்லாத்தையும்தான் நெஜம்னு சொல்ற. மூணு தடவ பாத்திருப்பல்ல? ஜாஸ்தி யோசிக்காத. சாப்புடு.”

அவளுக்குக் கோபமே வரவில்லை. அதற்குக்கூட இடமில்லாமல் பயம் நிறைந்திருந்தது. “ஊத்தப்பம் கருகுது மாமா” என்றாள். உதடு கோணிக்கொண்டு போனது. ராஜவேல் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கருகவிட்ட தோசையை அவன் கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவளிடம் பார்த்ததில்லை. பேப்பரை வைத்துவிட்டு ஆட்டோ சாவியை எடுத்தான்.

“வா, பஸ் ஸ்டாண்டுல வுடறேன்.”

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிடைத்து என்ன பயன்? வெள்ளாற்றுப் பாலம் போனதும் தெரியவில்லை, பி.முட்லூர் வந்ததும் தெரியவில்லை. மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் வட்டங்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எப்படியாவது சுற்றிச் சரிசெய்துவிட முடியாதா? அறுபதைக் கொண்டுபோய், கவிழ்ந்த இருநூற்று ஐம்பத்தைந்து வந்து நிற்கிற நூற்றைந்தில் வைத்தால்? முதல் ஓட்டை பொருந்தினால் இரண்டாவது தள்ளிப்போனது. இரண்டாவதைப் பொருத்தினால் மேன்ஹோல் எங்கோ போனது. சுழற்சியால் எதிரொளிப்பைத் திருத்த முடியாது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை தரையில் உட்கார்ந்து சொல்கிறது. ஐடிஐ முடித்து, பதினாலு மாதம் மார்க்கராக இருந்தவளுக்கு அது தெரியவில்லை. சிங்காரம் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்தாள். சிரிக்க மாட்டார், அது இன்னும் மோசம்.

புதுச்சத்திரம் தாண்டியதும் போன் அடித்தது. சபாபதி.

எடுக்க வேண்டிய கை எடுக்கவில்லை. இப்போது சொன்னால் சொன்னதுதான். ‘தப்புப் பண்ணிட்டேன் சார்’ என்று வாயைத் திறந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே தள்ள முடியாது. நாலாவது மணியில் எடுத்தாள். அந்தப் பக்கம் மேளம் பிளந்துகொண்டிருந்தது.

“சார், கட்டிங்க நிறுத்தணும். டிஷ்ல…”

“ஒண்ணும் கேக்கல! தாலி கட்டற நேரம்மா. அப்பறம் பேசறேன்.”

வைத்துவிட்டார். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த நொடியில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததை நினைத்து அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. வாட்ஸப்பில் எழுதினாள்: ‘சார் நான் போட்ட மார்க்கிங் தப்பு. கட்டிங் நிறுத்தச் சொல்லுங்க.’ அழித்தாள். மறுபடி எழுதினாள். ‘நான் போட்ட’ என்பதை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தாள். கெட்டித்தனம்தான், வேறென்ன? பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சேர்த்து அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை.

ஆலப்பாக்கத்தில் யாரோ மூட்டைகளை ஏற்றினார்கள். மணி பத்து இருபது. ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தோணிசாமி எப்போதும் பெரிய ஓட்டையில்தான் ஆரம்பிப்பார். பெரிசில் ஆரம்பித்தால் கை பழகும் என்பார். பெரிசு என்றால் மேன்ஹோல். மேன்ஹோல் பூஜ்யத்தில் இருக்கிறது, கண்ணாடிக் கோட்டின் மேலேயே. டிஷ்ஷை எப்படிக் கவிழ்த்தாலும் அது மட்டும் இடம் மாறாது. அனுப்பிரியாவின் அ மாதிரி. அதை அறுத்திருந்தால் பரவாயில்லை. அடுத்ததைத் தொட்டிருந்தால் போச்சு.

இறங்கி ஓடினாள். நாற்பதை நெருங்குகிற பெண், சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு நாலு வழிச் சாலை ஓரத்தில் ஓடுவதை டீக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாட்ச்மேன் போனைக் கேட்டார். கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

ஷெட்டுக்குள் நுழையும்போதே அந்தச் சீறல் கேட்டது. சட்டிபோல் மல்லாந்து கிடந்த டிஷ்ஷுக்குள் அந்தோணிசாமி குந்தியிருந்தார். கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு. அவருக்குப் பக்கத்தில் பெரிய வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. மேன்ஹோல் அறுத்தாகிவிட்டது. இப்போது அவர் கையிலிருந்த நெருப்பு அறுபது பாகையில் இருந்த வட்டத்தின் மேல் நின்றது. இரும்பு சிவக்கத் தொடங்கியிருந்தது.

“அண்ணே! அண்ணே, வேணாம்!”

கேட்கவில்லை. அந்தச் சீறலில் எதுவும் கேட்காது. அவர் கட்டைவிரல் ஆக்சிஜன் நெம்புகோலுக்குப் போனது. அதை அழுத்தினால் இரும்பு துளைந்துவிடும். எழிலரசி ஆக்சிஜன் சிலிண்டரிடம் ஓடினாள். கட்டரைத் தவிர வேறு யாரும் சிலிண்டரில் கை வைக்கக் கூடாது, ஷெட்டில் அது எழுதாத சட்டம். வால்வைப் பிடித்துத் திருகினாள், சாவி இறுகும் வரை திருகினாள். நெருப்பு மஞ்சளாகிப் புகை கக்கியது.

“எவன்டா அது சிலிண்டர்ல கைய வெச்சது!” அந்தோணிசாமி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “எழிலு? உனக்கென்னா பைத்தியமா? நெருப்பு குழாய்க்குள்ள ஏறியிருந்தா என்னா ஆவறது?”

“கோடு தப்புண்ணே.” மூச்சு வாங்கியது. “நான்தான் தப்பாப் போட்டேன். உள்பக்கமா நின்னு வெளிப்பக்கத்துக் கணக்கப் போட்டுட்டேன்.”

சொல்லிவிட்டாள். ஷெட்டில் இருந்த நாலு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விளிம்பு சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அந்தோணிசாமி எட்டிப் பார்த்தார். அறுபது பாகை வட்டத்தின் பரிதியில் விரல் நகம் அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. ஓட்டை விழவில்லை.

“பெரிசு?” என்று கேட்டார்.

“அது சரியாத்தான் இருக்கும். நடுக்கோட்டு மேல இருக்குது.”

“இருக்குமா, இருக்குதா?”

வீட்டில் சரி, பஸ்ஸில் சரி. இங்கே, இத்தனை பேர் முன்னால், சரி என்று சொல்லும் தைரியம் எங்கே இருக்கிறது? கர்ச்சீப்பை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். ரோஜா நிறக் கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. எப்போது அதை உள்ளே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

வரைபடத்தைத் தரையில் விரித்தாள். கண்ணாடியை அதன் வலது ஓரத்தில் நிமிர்த்திப் பிடித்தாள். கண்ணாடிக்குள் அறுபது இடப்பக்கம் போனது, இருநூற்று ஐம்பத்தைந்து வலப்பக்கம் வந்தது. மேன்ஹோல் மட்டும் அசையாமல் மேலேயே நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து உள்ளே இறங்கி மறுபடி கோடு போட்டாள். இந்தத் தடவை கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக. அவசரத்தில் பஞ்ச் உளி இரண்டு தடவை வழுக்கியது. பழைய வட்டங்களின் மேல் பெருக்கல் குறி போட்டாள். வெளியே வந்து, கவிழ்ந்தால் எது எங்கே வரும் என்று டிஷ்ஷைச் சுற்றி நடந்து பார்த்தாள். பிறகு அந்தோணிசாமியிடம் கண்ணாடியைக் கொடுத்தாள்.

“நீங்களும் பாருங்கண்ணே. நான் பாத்தது போதாது.”

அவர் கண்ணாடியை வாங்கி, முதலில் தன் மீசையைப் பார்த்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “ஏறக்கொறைய நானே மார்க்கர் ஆயிடுவேன் போலருக்குதே” என்று சொல்லிவிட்டு நெருப்பைப் பற்ற வைத்தார்.

மதியம் ஒரு மணிக்குச் சபாபதி வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். வாட்ஸப்பைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்திருந்தார். டிஷ்ஷைச் சுற்றி வந்தார். அந்த நீலப் புள்ளியைக் காலால் தேய்த்துப் பார்த்தார். எழிலரசி எல்லாவற்றையும் சொன்னாள், பயந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அவர் திட்டவில்லை.

“நாளைக்கிப் பேசிக்கலாம்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் ஞாயிற்றுக்கிழமை மிச்சமும் போனது. சாயங்காலம் முழுக்க ஸ்டோர் அறையின் வாசனை மூக்கில் இருந்தது, கிரீஸும் எலிப் புழுக்கையும் கலந்த வாசனை. ராஜவேல் அவளுக்கு முன்னால் தானே போய் கேஸை மூடி, கதவைப் பூட்டி, இழுத்துக் காட்டினான். கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்கு அழுகையாக வந்தது.

திங்கட்கிழமை காலை சபாபதி எல்லாரையும் மார்க்கிங் மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். சிங்காரம் கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

“நேத்து என்னா ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தகடு பொழைச்சிது. அதால எழிலு இங்கேயே இருக்கட்டும். ஆனா இனிமே எழிலு போடற கோட்ட சிங்காரம் பாத்து ஓகே பண்ணணும். அப்பறம்தான் கட்டிங்.”

ஸ்டோர் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளைப் போன்ற பயந்தாங்கொள்ளி அங்கே வாயைத் திறந்ததுதான் இன்றைக்கும் ஷெட்டில் பேச்சு.

“சார்,” என்றாள். “சிங்காரண்ணன் போடறத யார் சார் பாப்பாங்க?”

சிங்காரம் கண் கொட்டாமல் அவளைப் பார்த்தார். சபாபதி மோவாயைச் சொறிந்தார்.

“நீ பாரு” என்றார் கடைசியில்.

சிங்காரம் விறுவிறுவென்று வெளியே போனார். தீர்ந்தது, இனி இந்த மனுஷர் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார் என்று எழிலரசி முடிவு கட்டிக்கொண்டாள். கண்ணாடியை மேசைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள்.

பத்து மணி டீக்கு எல்லாரும் வெளியே போனார்கள். பாதி வழியில் அவளுக்குச் சந்தேகம் வந்தது, அளவு நாடாவை உள்ளே வைத்தோமா என்று. திரும்பி வந்தாள்.

மேசையருகே சிங்காரம் தனியாக நின்றிருந்தார். அவர் முன்னால் போன வாரம் அவர் கோடு போட்ட வேறொரு டிஷ்ஷின் வரைபடம் விரித்திருந்தது. அதுவும் முட்டுக்கட்டை இல்லாத நாளில் மல்லாத்தி வைத்ததுதான், இன்னும் அறுக்கவில்லை. ரோஜா நிறக் கண்ணாடியைத் தாளின் மேல் இங்கும் அங்கும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை, இருபத்திரண்டு வருஷக் கை, அதை எந்த ஓரத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. நெற்றியில் வேர்வை.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கண்ணாடியை மறைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

“இத எந்தப் பக்கம்மா பிடிக்கணும்?” என்றார்.

எழிலரசி பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடியை அவர் விரல்களோடு சேர்த்துப் பிடித்து, வரைபடத்தின் வலது ஓரத்தில் நிமிர்த்தி வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.